தையல் மெஷின் நிற்கும் நேரம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் குடியிருந்த மேல்மாடிக்குப் பலகைத் தரை. கீழே இரண்டு அறைகளில் ஓர் அக்கா தனியாக இருந்து சட்டை தைத்துக் கொடுத்தார். அவருடைய மெஷின் ஓடினால் என் கட்டில் கால்வரை அதிரும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசையில் வேத வாசகம் வாசிப்பது என் முறை. அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் நின்றபடி உரக்க வாசித்துப் பழகுவேன். கந்தோரில் நாள் முழுதும் மற்றவர்களின் கடிதங்களை டைப் அடிப்பவளுக்கு அந்த ஒரு பக்கம்தான் சொந்தக் குரலில் சொல்லக் கிடைத்தது. வேதத்தின் மேல் எனக்கு உண்மையான ஆசை இருந்தது. என் குரலின் மேலும் இருந்தது, அதை மறைத்து என்ன பயன்?

சுவருக்கும் காது முளைத்திருந்த யுத்த காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து யார் வந்து தங்கினாலும் பொலிசில் பதிய வேண்டும். வெளிநாடு போகவென்று என் தம்பி ஒரு வெள்ளிக்கிழமை வந்து இறங்கினான். அந்த ஞாயிறு என் முறை. “திங்கள் போய்ப் பதிவம், இப்ப நான் வாசகம் பழக வேணும்” என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை பொலிஸ் வந்து அவனைக் கூட்டிப் போனது. ஒன்பதாம் நாள்தான் விட்டார்கள். முகம் வீங்கி, சோற்றை மெல்ல முடியாமல் வந்தான். பிறகு எப்படியோ கனடா போய்ச் சேர்ந்தான்.

அவன் வந்தது கீழ்வீட்டு அக்காவைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். அன்றோடு அவருடன் பேச்சை நிறுத்தினேன். படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவேன். அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். நான் வாசிக்கத் தொடங்கினால் கீழே மெஷின் நின்றுவிடும். வாசித்து முடித்தால் மறுபடி ஓடும். ஒட்டுக் கேட்கிறார், அடுத்ததாக என்னையும் பிடித்துக் கொடுக்கப் போகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அதன்பின் வாய்க்குள்தான் வாசித்தேன். ஆனால் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. வேதம் வாசிக்காமல் கோப்பியில் வாய் வைத்ததில்லை. கடவுளோடு எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை, கீழ்வீட்டோடுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மாதம் அப்படியே போனது. உயிர்த்த ஞாயிறு கழிந்து சில வாரங்களில் எனக்கு வந்த வாசகம் யோவானின் முதலாம் நிருபம். கண்முன்னே இருக்கும் சகோதரரை வெறுத்துக்கொண்டு, காணாத கடவுளை நேசிக்கிறேன் என்று சொல்பவர் பொய்யர் என்று வரும் பகுதி. எத்தனையோ தடவை கண்ணால் கடந்து போன இடம்தான். வாயால் சொல்ல வரவில்லை.

கோயிலுக்குப் போய், “தொண்டை சரியில்லை பாதர், வேற ஆரையும் போடுங்கோ” என்றேன்.

“ஞாயிறுக்கு இன்னும் நாலு நாள் கிடக்கு பிள்ளை, இஞ்சி அவிச்சுக் குடியும்” என்றார்.

குடித்தும் பார்த்தேன். சனிக்கிழமை பின்னேரம் வேறு வழியில்லாமல் உரக்க வாசித்தேன். மெஷின் நின்றது. அந்த வரி வந்ததும் நானும் நின்றேன். முதலிலிருந்து தொடங்கி மறுபடியும் அதே இடத்தில் நின்றேன். மூன்றாம் தடவையும் நின்றபோது, கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

“ஏன் பிள்ளை அந்த இடத்தில நிப்பாட்டுறீர்? அது எனக்கும் சேர்த்துத்தானே எழுதிக் கிடக்கு. வாசியும்.”

புத்தகத்தோடு தடதடவென்று இறங்கிப் போனேன், சண்டை பிடிக்கத்தான். அவர் மெஷினுக்கு முன்னால் மடியில் கையை வைத்தபடி இருந்தார்.

“ஓம், நான்தான் சொன்னனான்” என்றார், நான் வாய் திறக்கும் முன்பே. “வாசலில வந்து, மேல ஆர் இருக்கிறது எண்டு கேட்டவங்கள். யாழ்ப்பாணத்தால ஒரு தம்பி வந்திருக்கிறார் எண்டு சொல்லிப்போட்டன். பொய் சொல்லப் பயமாக் கிடந்தது. அந்த நாளில இருந்து நான் பூசையில நன்மை வாங்கேல்ல.”

நான் ஒவ்வொரு ஞாயிறும் முதல் ஆளாகப் போய் அந்த நற்கருணை அப்பத்தை, நன்மையை, வாங்கியவள்.

“பிறகேன் ஒட்டுக் கேக்கிறனீங்கள்?” என்றேன்.

“கையும் கண்ணும் தையலில. புத்தகம் பிடிக்க எனக்கு எங்க நேரம்? உம்மட வாசிப்புத்தான் எனக்கு வேதம். இவ்வளவு மாசமா அதுவும் இல்லை.”

வெட்கம் பிடுங்கித் தின்றது. பதினொரு மாதமாக விழுங்கி வைத்திருந்ததைக் கடைசியில் சொன்னேன். “வெள்ளிக்கிழமையே பதிஞ்சிருக்கலாம் அக்கா. நான்தான் திங்கள் எண்டு தள்ளினனான்.” சொல்லிவிட்டு அழுதேன். என் கோபம் அந்த நிமிடமே போய்விட்டது என்று சொன்னால் நானும் பொய்காரி. அது மெல்ல மெல்லத்தான் போனது. ஆனால் அன்று அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து வாசகத்தை நிறுத்தாமல் வாசித்து முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசித்தபோது அந்த வரியில் குரல் உடைந்தது, அப்படியும் வாசித்தேன். பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்த அக்கா, நன்மை வாங்க எனக்குப் பின்னால் நின்றார்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் மறுபடியும் பொலிஸ் சோதனை. என் பொலிஸ் பதிவுத் துண்டைக் கந்தோர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றேன். மெஷின் நின்றது. பலகைக்குக் கீழே ஓர் ஆண்குரல் சிங்களத்தில் அதே கேள்வியைக் கேட்டது: மேலே யார் இருக்கிறது?

“மகே நங்கி” என்றார் அக்கா, நடுங்காமல். என் தங்கச்சி.

அவர்கள் ஏறி வராமல் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். மெஷின் வெகுநேரம் ஓடவில்லை. நான் வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.