செல்லாமல் போன தடுப்புக் கார்டு

என் மகள் நஸ்ரின் எட்டாவது படித்தபோது, பாக்கெட் பாக்கெட்டாகப் படக் கார்டுகளை வாங்கிச் சேர்த்து விளையாடுவாள். நான் அதிகம் படிக்காதவள். கார்டு என்றாலே எனக்குச் சூதாட்டம்தான், எங்கள் மார்க்கத்தில் ஆகாதது.

ஒரு ஞாயிறு தாம்பரத்தில் ஒரு கடை மாடியில் போட்டி என்று தெரிந்ததும், மதிய லுஹர் தொழுகையை முடித்துவிட்டு அவளை இழுத்துவரப் போனேன்.

அப்போதுதான் கடைசி ஆட்டம் முடிந்திருந்தது. எதிராளி ஒரு கார்டால் அடிக்க, இவள் தடுப்புக் கார்டு போட்டு ஜெயித்துவிட்டாளாம். எல்லோரும் கை தட்டினார்கள். நான் போய் அவள் கையைப் பிடித்தேன்.

“இரும்மா” என்று விடுவித்துக்கொண்டு நடுவரிடம் போனாள்.

“அண்ணா, அவர் அடிக்கிறேன்னதும் நான் ‘சரி’ன்னுட்டேன். அப்புறம்தான் தடுப்பு போட்டேன். செல்லுமா?”

“சரின்னா அடியை ஏத்துக்கிட்டதா அர்த்தம். அதைச் சொல்றதுக்கு முன்னாடி போட்டிருக்கணும்மா. செல்லாது. ஆனா நான் கவனிக்கலையே?”

“நான் கவனிச்சேனே அண்ணா.”

எதிரே ஆடிய இளைஞன் சிரித்துவிட்டான். “எனக்கே இந்த ரூல் தெரியாது. வாயை மூடிக்கினு இருந்தா கப் உன்னுது. இன்னா பொண்ணும்மா நீ!”

கோப்பை அவனுக்குப் போனது. கண் கலங்கினாலும் அவனுக்குக் கை கொடுத்தாள்.

படியிறங்கும்போது, “இனிமே ஆடக் கூடாதாம்மா?” என்று கேட்டாள்.

“ஆடு. நானே கூட்டிட்டு வரேன்” என்றேன்.

அல்லாஹ் பார்க்கிறான் என்று தினமும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். ஆனால் அந்தக் கார்டு மேஜையையும் அவன் பார்க்கிறான் என்பது எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியிருக்கிறது.