நிரோஜாவின் பாதி

வட்டுக்கோட்டையில் டென்னிஸ் எங்கே பழகினாய் என்று கேட்டால், நெல் காயப்போடும் சீமெந்துத் தளத்தைத்தான் தர்சினி காட்டுவாள். குறுக்கே மீன் வலையைக் கட்டி, அவளும் பக்கத்து வீட்டு நிரோஜாவும் பத்து வயதில் வெறுங்காலோடு ஆடத் தொடங்கினார்கள். நிரோஜா இடக்கைக்காரி. அதனால் இடப் பாதி அவளுக்கு, வலப் பாதி தர்சினிக்கு. பதினாறு வருடம் அந்த ஒழுங்கு மாறவில்லை. அரைக்காற்சட்டையைக் கண்டு முகம் சுளித்த ஊர், இருவரும் இரட்டையர் ஆட்டத்துக்கு நாடு நாடாகப் போகத் தொடங்கியதும் "எங்கடை பிள்ளையள்" என்றது. ஊர் என்றால் அப்படித்தான்.

போன மாரியில் நிரோஜாவுக்கு டெங்கு வந்தது. நாலே நாள், முடிந்துவிட்டது. தர்சினிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, ஒரு பங்கை வாழையிலையில் முச்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும். போகிறவருக்கு அது வழிச்சாப்பாடு. வேறு யாரும் கை வைக்கக் கூடாது. நிரோஜாவின் தாய் ஞானாம்பிகை கணவாய்க் கறிக்குப் பக்கத்தில் ஒரு பந்தையும் வைத்தாள். இரண்டு பிள்ளைகளும் கடைசியாக வென்ற ஆட்டத்தின் பந்து.

மறுநாள் விடிய அடுத்த போட்டிக்குப் புறப்பட்ட தர்சினி, முச்சந்தியில் வாகனத்தை நிறுத்தினாள். இலை கலையாமல் கிடந்தது, காகம்கூடத் தொடவில்லை. எனக்கும் பாதி உரிமைதானே என்று பந்தை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

அதன்பின் தனியே ஆடினாள். ஆனால் பழக்கதோஷம், வலப் பாதியை விட்டுக் கால் நகரவில்லை. பயிற்றுநர் சிவகரன் தலையிலடித்துக்கொண்டார்.

"பிள்ளை, இடப்பக்கம் ஆர் நிக்கிறது? உன்ரை அப்பரோ?"

ஆனால் எதிராளி இடப்பக்கம் அடித்த பந்தெல்லாம் வலையில் சிக்கின, அல்லது கோட்டைத் தாண்டி விழுந்தன. எதிர்த்து ஆடிய எல்லோருக்கும் இதே கதி. தோற்ற ஒருத்தி கைகொடுக்கும்போது, அந்த மூலையைப் பார்த்தாலே கை கூசுகிறது என்றாள். சிவகரனும் அதற்குப் பிறகு அவளை இடப்பக்கம் விரட்டுவதை விட்டுவிட்டார். தரவரிசையில் தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் கிடந்தவள் இருநூற்றறுபதுக்கு வந்தாள். இன்னும் ஒரு கிண்ணம் கிடைத்தால் பெரிய போட்டிகளின் தகுதிச் சுற்றில் இடம் உண்டு. அவளுக்குப் பயம்தான். பயத்தைவிட, நிரோஜா கூட நிற்கிறாள் என்ற சந்தோசம் பெரிதாக இருந்தது.

அடுத்த போட்டி துருக்கியில், செம்மண் தரை. தெல்லிப்பழைத் தோட்டம் மாதிரி, மிதித்த இடமெல்லாம் பதியும். அரையிறுதியை வென்றபின் தற்செயலாக இடப் பாதியைப் பார்த்தாள். அவள் மிதியாத இடத்தில் வெறுங்கால் தடங்கள். ஒரு கால் மட்டும் கோடு கோடாக இழுபட்டிருந்தது. எழும்ப மாட்டாமல் முழங்கால் ஊன்றிய குழியும் ஒன்று. காய்ச்சலில் செத்தவள் இன்னும் ஓய்ந்து படுக்கவில்லை.

அன்று பின்னேரம் ஞானாம்பிகை தொலைபேசியில் வந்தாள்.

"பிள்ளை, அவள் கனவிலை வாறாள். கால் உளையுதம்மா, இன்னும் எத்தினை ஆட்டம் எண்டு கேக்கிறாள். அந்தப் பந்தை ஆரும் எடுத்திட்டினமோ?"

"எனக்குத் தெரியாது மாமி" என்றாள் தர்சினி. சொன்ன வாயைக் கழுவவேண்டும் போலிருந்தது. "இல்லை மாமி. நான்தான் எடுத்தனான்."

மறுநாள் இறுதியாட்டம் என்று ஞானாம்பிகைக்கும் தெரியும்.

"சரி, நாளையான் ஆட்டத்தை ஆடிப்போட்டே கொண்டு வாவன்."

"வேண்டாம் மாமி. அவளாலை ஏலாது."

இறுதியாட்டத்தை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். ஞானாம்பிகை திரும்பவும் சமைத்தாள். பொழுதுபட, தர்சினியே முச்சந்தியில் இலையை விரித்துப் பந்தை வைத்தாள். திரும்பி நடக்கையில் பின்னால் வெறுங்கால் சத்தம் கேட்டது. இழுபடாத, சுறுக்கான நடை. அது வரவில்லை, போய்க்கொண்டிருந்தது. கழுத்து திரும்பத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுப் படலை வரை நடந்தாள்.

அடுத்த போட்டியில் தர்சினி போட்ட முதற் பந்தை எதிராளி இடப்பக்கம் திருப்பி அடித்தாள். தர்சினி வலப் பாதியில் நின்றபடி பார்த்தாள். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்து ஓடிப்போய்ச் சுவரில் மோதியது. அங்கே ஒருவரும் இல்லை.

ராக்கெட்டைப் போட்டுவிட்டு, அத்தனை சனத்துக்கு முன்னால் அவள் ஓவென்று அழுதாள். நிரோஜா செத்து அன்றைக்குப் பத்து மாதம். நடுவர் இறங்கி வந்து என்ன நோகிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று மூக்கைத் துடைத்து, ராக்கெட்டை எடுத்துக்கொண்டு, கோர்ட்டின் நடுவில் வந்து நின்றாள்.