நாலு வரி முந்திய சிரிப்பு

என் அக்காவைக் கட்டியவர் பல் செட்டு செய்கிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் பதித்து, ஊரில் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறவர்களை எல்லாம் சிரிக்க வைப்பவர். அவர் சிரித்து மட்டும் யாரும் பார்த்ததில்லை. ஒரு வேடிக்கை சொன்னால், "சரி, அப்புறம்?" என்பார். அவர் பட்டறையில் பல்லுக்கு மெருகு போடுவது நான். பதினாறு வருஷமாக அந்த "அப்புறம்?" கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

அக்கா நேர்மாறு. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை நகர அரங்கில் போடும் ஒரு பழைய ஆங்கில நாடகம் என்றால் அவளுக்கு உயிர். பல நூறு வருஷப் பழசு. ஒரு விதவைச் சீமாட்டியும் ஒரு கப்பல் தலைவனும் பக்கத்துப் பக்கத்து வீடு. தோட்டச் சுவருக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் நின்று வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்வார்கள், கடைசியில் கல்யாணம். தனக்குக் கல்யாணமான புதிதில் அக்கா மாமாவையும் அழைத்துப் போனாள். மனிதர் முதல் அங்கத்திலேயே குறட்டை விட்டார். அதோடு சரி. இருபத்திரண்டு வருஷமாகத் தனியாகவே போய் வருகிறாள்.

இந்த வருஷமும் ஒரே டிக்கெட்தான் எடுத்திருந்தாள். "மாமாவையும் கூப்பிடேன்க்கா" என்று பட்டறை வாசலில் நின்று சொன்னேன்.

"அவருக்கு இதெல்லாம் புரியாதுடா. பாவம், விடு."

உள்ளே மெழுகு உருக்கிக்கொண்டிருந்த மாமாவின் கை நின்றது. அக்கா திட்டி அந்தக் கை நின்றதே இல்லை. திட்டு அவருக்குப் பழக்கம். இந்தப் 'பாவம்' சுருக்கென்று தைத்துவிட்டது.

மறுநாள் நூலகத்திலிருந்து தலையணை கனத்தில் ஒரு புத்தகம் வந்தது. அதே நாடகம்தான். இடது பக்கம் பழைய ஆங்கிலம், வலது பக்கம் இன்று பேசுகிற ஆங்கிலம். பிளாஸ்டர் மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

"மாப்ளே, அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது. அவ பக்கத்து சீட்டை எனக்கு எடுத்துடு. புரிஞ்சு சிரிக்கிறவனா ஒரு தடவையாவது அவ பக்கத்துல உக்காரணும்."

"தூங்கிட்டீங்கன்னா?"

"தூங்கினா, அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறது?"

மேல் வரிசைப் பல்லும் கீழ் வரிசைப் பல்லும் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க, நடுவில் ஒரு நீலத் தாளை வைத்து இரண்டையும் மூடுவோம். தட்டுகிற இடத்தில் நீலப் புள்ளி விழும். மாமா புத்தகத்தையும் அப்படியே படித்தார். இடது பக்கம் ஒரு பார்வை, வலது பக்கம் ஒரு பார்வை. சிரிக்கவேண்டிய இடத்தில் நீலப் பென்சிலால் ஒரு புள்ளி. நூலகப் புத்தகம் என்று நான் சொன்னது காதில் ஏறவே இல்லை.

"இந்த இடத்துல அந்தம்மா கேக்கிறா: உன் வாய்க்காத்தே போதுமே, கப்பலுக்கு எதுக்குப் பாய்னு. இங்க சிரிக்கணும்."

"நல்லாத்தான் இருக்கு மாமா."

"நல்லா இருக்கறது இருக்கட்டும். சிரிக்கணும்."

மூன்றாவது வாரம் ஒரு புள்ளியில் அவரை மீறி 'ஹக்' என்று ஒரு சத்தம் வந்தது. பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். சிரித்தாராம்.

சனிக்கிழமை மதியக் காட்சி. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பார்த்து அக்கா பதறினாள். "என்னங்க? வீட்டுச் சாவியை நான் எடுத்துட்டு வந்துட்டேனா?"

"நாடகம் பாக்க வந்தேன்."

நான் அவர்களுக்கு நேர் பின் வரிசையில். விளக்கு அணைந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. இன்றைய ஆங்கிலத்தில் ஒரே வரியில் முடிகிற நக்கல், பழைய ஆங்கிலத்தில் நாலு வரி ஊரைச் சுற்றித்தான் வந்து சேரும். சீமாட்டி வாயைத் திறந்ததுமே மாமா "ஹக்" என்றார். அரங்கமே திரும்பியது. மேடையில் அந்த அம்மாவே ஒரு கணம் தடுமாறினாள். அவள் நாலு வரியையும் சொல்லி முடித்து எல்லாரும் கொல்லென்று சிரித்தபோது, மாமா அடுத்த புள்ளிக்காக விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"யாருங்க அந்த ஆளு?" என்றார் என் பக்கத்து சீட்டுக்காரர். நான் குனிந்து ஷூ கயிறு கட்டினேன். போட்டிருந்தது செருப்பு.

இப்படியே ஆறு தடவை. அக்காவின் கழுத்து விறைத்துக்கொண்டே போனது. எழுந்து போய்விடுவாள், மாமா செத்தார் என்றே நினைத்தேன். அவள் சாய்ந்து அவர் காதருகே கேட்டாள்.

"இப்ப எதுக்குச் சிரிச்சீங்க?"

திருடன் மாதிரி முழித்துக்கொண்டு மாமா வாய்க்காற்றையும் பாயையும் விளக்கினார். அக்காவுக்கு மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது.

"இதானா அது? வருஷா வருஷம் இந்த இடத்துல எல்லாரும் சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன். எதுக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"உனக்குப் புரியாதா?"

"பாதிகூடப் புரியாது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அடுத்தது என்ன, சொல்லுங்க."

அடிப்பாவி அக்கா! இருபத்திரண்டு வருஷமாக வீட்டில் எங்களையெல்லாம் ஒன்றும் தெரியாதவர்களாக்கி வைத்திருந்தாளே!

அதற்கப்புறம் மாமா காதில் ஓத, இரண்டு பேரும் சேர்ந்து நாலு வரி முந்திச் சிரித்தார்கள். சுற்றிலும் "உஷ்" பறந்தது. இருவரும் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஐந்தாம் அங்கம் வந்ததும் மாமா கப்சிப். அக்கா முழங்கையால் இடித்தாள்.

"இது எனக்கும் தெரியாது. நாலு அங்கம்தான் படிச்சேன். கடைசி வாரம் பதினோரு செட்டு வந்துடுச்சு."

"அப்ப நான் பாக்கிற மாதிரி பாருங்க. பேச்சை விடுங்க. அவன் கையைப் பாருங்க."

மேடையில் கப்பல் தலைவன் சுவரேறி உட்கார்ந்து, மார்பை நிமிர்த்தி ஏதோ வீரம் பேசிக்கொண்டிருந்தான். கையிலிருந்த தொப்பி மட்டும் கிடுகிடுவென்று நடுங்கியது. சீமாட்டி பதிலே சொல்லாமல் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தாள், தன் பக்கத்தில்.

மாமா சிரித்தார். இது அந்த 'ஹக்' இல்லை. வயிறு குலுங்குகிற சிரிப்பு. அரங்கம் சிரித்த அதே நொடியில், அரங்கத்தோடு. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. பொய் சொல்வானேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அக்கா மேடையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல. நீங்க சிரிங்க."