கோழியிடம் கேட்டவள்

கொச்சி மட்டாஞ்சேரியில் பிச்சையைத் தெரியாதவர்கள் அப்போது கிடையாது. அரண்மனை வாசலில் மலைப்பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெள்ளைக்காரர்களோடு போட்டோவுக்கு நிற்பானே, அவன்தான். எழுபத்தாறு எழுபத்தேழில் தொடங்கி ஆறேழு வருஷம் அந்த வாசல் அவனுடையது. ஆனால் அந்தப் பாம்புக்கு இரை போட்டது யார் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, நான் சொல்கிறேன்.

போட்டவள் அவன் பெண்டாட்டி மாயம்மாள். லைன் வீட்டில் எனக்கு அடுத்த கதவு. நானும் அவளும் சுக்குக் கிடங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து புடைத்தவர்கள். தென்காசிப் பக்கத்துக்காரி. பிச்சை முதலில் கிடங்குகளில் மூட்டை தூக்கினான். இடுப்பு பிடித்துக்கொண்டு வேலை போனதும், மரம் ஏற்றி வந்த லாரியில் கிடைத்த பாம்புக் குட்டியைப் பழைய தேயிலைப் பெட்டியில் போட்டு வளர்த்தான். ராசா என்று பேர் வைத்தான். ராசாவால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

செத்ததை ராசா தொடாது. உயிருள்ள கோழிதான் வேண்டும். கோழியைப் பெட்டிக்குள் விட்டு மூடியைப் போடும் நேரம் வந்தால் நம் வீராதிவீரன் சாயாக் கடைக்குக் கிளம்பிவிடுவான். "எனக்கு மனசு தாங்காது புள்ள. சோறு போடுதது பொம்பள வேலதான?" என்பான். அடேயப்பா, இவனுக்கு மட்டும்தான் மனசு! அவளுக்கு இருந்தது என்ன, செங்கல்லா?

முதல் தடவை கோழியை விட்டுவிட்டு வந்தவள் அன்று முழுக்கச் சோற்றில் கை வைக்கவில்லை. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் ஊரில் சாமிக்குக் கிடா வெட்டுவதற்கு முன்னால் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்தால் உத்தரவு கிடைத்தது என்று அர்த்தம். சிலிர்க்காவிட்டால் வெட்டக் கூடாது. அதையே இவள் கோழிக்குச் செய்தாள். முற்றத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பாள். சிலிர்த்த கோழிதான் பெட்டிக்குப் போகும்.

"நான் கொல்லல மதினி. அதுவே சரின்னு சொல்லிட்டு" என்பாள். பாம்பு என்ன சாமியா என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வரும். கேட்கவில்லை. அந்த ஒரு பிடிமானமும் போனால் அவள் எதைக்கொண்டு அந்த மூடியைத் தொடுவாள்? சாயாக் கடை ராசப்பன்தான் விடமாட்டான். "எந்தா மாயம்மா, இன்னைக்குக் கோழி சம்மதிச்சோ?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவான்.

எண்பத்தொன்றாம் வருஷம், வைகாசி பாதியில் தொடங்குமே அந்த இடவப்பாதி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வெள்ளைக்காரர்கள் வரவில்லை. ராசாவுக்கென்று வளர்த்த கோழிகளை ஒவ்வொன்றாக விற்று அரிசி வாங்கினார்கள். மிஞ்சியது ஒரு கறுப்புப் பெட்டை. குஞ்சாக இருந்தபோது கால் ஒடிந்து, மாயம்மாள் துணி சுற்றி மடியில் வைத்துப் பிழைக்க வைத்தது. அவள் போகிற இடமெல்லாம் நொண்டிக்கொண்டே பின்னால் போகும். அதன்மேல் அவள் ஒருநாளும் தண்ணீர் தெளித்ததில்லை.

ராசா வெகுநாள் பட்டினி. பிச்சைக்குப் பயம் பிடித்துவிட்டது.

"இது செத்தா நாமளும் பட்டினிதான். அந்தக் கறுப்பைப் போடு."

"அது மட்டும் வேண்டாம். வேற வாங்கிட்டு வாங்க."

"எதை வச்சுட்டி வாங்க?"

கடைசியில் அவள், "கேட்டுப் பாக்கேன். சரின்னாத்தான் போடுவேன்" என்றாள். என் காதோடு, "அது சிலிர்க்காது மதினி. மழையில நின்னே வளந்தது" என்றும் சொன்னாள்.

தெளித்தாள். சுவரோரம் நின்ற கோழி அசையவில்லை. பிச்சை அன்று அதிசயமாக நின்று பார்த்தான். "இன்னொரு மட்டம் தெளி" என்றான். தெளித்தாள். அசையவில்லை. மாயம்மாளின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "மாட்டேன்னுட்டு!" என்று சிரித்தபடி அங்கேயே உட்கார்ந்து, "வா, வா" என்று கையை நீட்டினாள். கோழி நொண்டி நொண்டி வந்து மடியில் ஏறியது. ஏறி, சௌகரியமாக நின்றுகொண்டு, உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது.

"இது கணக்குல வராதுட்டி, உன்னக் கண்ட சந்தோசம்" என்று நான் பதறினேன்.

"உத்தரவுன்னா உத்தரவுதான்" என்று சொல்லிவிட்டுப் பிச்சை சாயாக் கடைக்கு நடையைக் கட்டினான். அவன் வாயில் மண்ணைப் போட.

"எங்கிட்டக் கொடு, எங்கயாவது கொண்டு போயிருதேன்" என்றேன். அவள் கோழியை இறுக்கிக்கொண்டாள்.

"சிலிர்த்துட்டுல்லா மதினி. இது உத்தரவு இல்லன்னு ஆனா, முன்னால போனதெல்லாம் நான் கொன்னதுன்னுல்லா ஆயிரும்?"

அவள் உள்ளே போனாள். மூடி விழுந்த சத்தம் கேட்டது. அதன் பிறகு கேட்டதை நான் சொல்லப்போவதில்லை.

மழை விட்டது, வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், கோழிகளும் வந்தன. மாயம்மாள் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டாள். காலைப் பிடித்துத் தூக்குவாள், பெட்டிக்குள் எறிவாள், அவ்வளவுதான். ராசப்பனும் கேலியை விட்டுவிட்டான். ஒருநாள் நான் மனசு கேட்காமல், "இப்பல்லாம் கேக்கது இல்லயாட்டி?" என்றேன்.

அவள் மூடியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக் கேக்கணும்? நம்பி வந்தது சரின்னுதான் சொல்லும். இவரைக் கட்டிக்கிடுதியான்னு எங்கய்யா என்னையும்தான் கேட்டாரு. நானும்தான தலைய ஆட்டினேன்."