லாபம், இரண்டு, மூன்று

வாத்தியார், எனக்கு எண்ணத் தெரியாது என்று நீங்கள் சொன்னது பொய்.

ஒட்டுசுட்டானுக்கு அப்பால் இருந்த காட்டோரப் பள்ளியில் நான் முதலாம் வகுப்பு. அந்த வாரம் முழுவதும் புளியங்கொட்டைகளை எண்ணப் பழகினோம். வெள்ளிக்கிழமை பரிசோதகர் வருவார், எண்ணத் தெரியாதவர்களுக்கு வகுப்பேற்றம் இல்லை என்று மிரட்டி வைத்திருந்தீர்கள்.

வியாழக்கிழமை என் முறை வந்தது. சூடடிக்கும் களத்தில் அப்பா நெல் அளப்பதைப் பார்த்து எண்ணப் பழகியவள் நான். விளைச்சல் பெருக வேண்டும் என்று அங்கே முதல் அளவை ‘லாபம்’ என்றுதான் சொல்வார்கள். பட்டினத்திலிருந்து வந்த உங்களுக்கு அது தெரியாது.

"லாபம், ரெண்டு, மூண்டு..."

"என்னடி, பகிடியோ? ஒண்டு எங்கை?"

"அதுதான் லாபம், வாத்தியார்."

பிரம்பால் அடித்தீர்கள். திரும்ப எண்ணச் சொன்னீர்கள். பயத்தில் மறுபடியும் லாபம் என்றேன். மறுபடியும் அடி.

பின்னேரம் அம்மா வந்தார். "களத்திலை அப்பிடித்தான் எண்ணுறது, வாத்தியார். பிள்ளைக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரியும்."

"ஓம், ஓம், விளங்குது. போங்கோ" என்று சிரித்தீர்கள்.

மறுநாள் பரிசோதகர் என் முன்னால் நின்றார். ஒன்று என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இதுக்கு எண்ணத் தெரியாது, ஐயா. அடுத்த பிள்ளையைக் கேளுங்கோ."

அடுத்த வருடமும் அதே வகுப்பில், தங்கச்சிக்குப் பக்கத்தில் இருந்தேன்.

வருகிற மாதம் பள்ளி விழாவில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். நான் முன்வரிசையில் இருப்பேன். தெரிந்துகொண்டே ஏன் அப்படிச் சொன்னீர்கள்? மேடையில், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.