பருப்பு வெந்த தண்ணீர்

பத்திரிகைக்கு எழுதுவது எனக்கு இதுவே முதல் தடவை. ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் பால்மரம் வெட்டு வேலை செய்கிறேன்.

ஈயச் சுரங்கத்துச் சேறு கலந்து எங்கள் ஆற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது. மழைத்தண்ணீர் பிடிக்கலாமென்று, தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த காலிப் பீப்பாயை உருட்டி வந்து, மூன்று முறை கழுவி, தகரக் கூரையின் கீழ் வைத்தேன். நிறைந்த தண்ணீரில் நிறமும் இல்லை, வாடையும் இல்லை. நல்ல தண்ணீரில்தான் பருப்பு சீக்கிரம் வேகும் என்பார்கள். ஒரு பிடி போட்டுப் பார்த்தேன், வெண்ணெயாய்க் குழைந்தது.

"மச்சான், உங்க வீட்டுக்கு மட்டும் வானம் தனியா ஊத்துது போல!" என்று பக்கத்து வீட்டு மாரிமுத்து கேலி செய்தான்.

மறுநாள், காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்த என் மனைவி அஞ்சலை காலை முழுவதும் அந்தத் தண்ணீரையே குடித்திருக்கிறாள். நான் வேலை முடிந்து வந்தபோது வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் வந்து பீப்பாயைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்பா, இது லாலான் புல்லைச் சாகடிக்கிற விஷம் வந்த பீப்பாயாச்சே!"

"நல்லாக் கழுவினேங்க ஐயா. பருப்புகூட வெந்துச்சு."

"விஷத்துலயும் பருப்பு வேகும்பா."

இரண்டு நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி கேட்டாள்.

இப்போது புது மண்பானையில்தான் மழைத்தண்ணீர் பிடிக்கிறேன். அப்படியும் பயம் போகவில்லை. முதல் குவளையை நான் குடித்து, பாதி நாள் பொறுத்திருந்து, அதன்பிறகே அவளுக்குத் தருகிறேன். வேறு சோதனை எதுவும் எனக்குத் தெரியாது.