தங்கச்சி கொரோனருக்கு நின்ற கதை

அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் தாதியாக இருக்கும் என் தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தாள். "அக்கா, நான் எலக்ஷனில நிக்கிறன். கொரோனருக்கு."

பக்கத்தில் இருந்து கேட்ட என் கணவர் பதறிப்போனார். "என்ன, கொரோனாவோ? திரும்பவும் வந்திட்டுதோ?"

யாராவது திடீரென்று இறந்தால் காரணத்தை விசாரித்துச் சொல்பவர் கொரோனர். யாழ்ப்பாணத்திலும் லண்டனிலும் அந்த வேலைக்கு ஆளை நியமிப்பார்கள். அவளுடைய ஊரிலோ சனம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறதாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வீடு வீடாப் போய் என்னடி சொல்லுவாய்? நீங்கள் செத்தால் நான் வாறன் எண்டோ?"

"ஓம் அக்கா, கிட்டத்தட்ட அப்பிடித்தான். அந்தக் குடும்பங்களுக்குப் பக்கத்தில இருந்து ஆறுதலா விளங்கப்படுத்த ஒரு ஆள் வேணும்." அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து லண்டன் நோர்பரியில் எங்கள் வீடு அமளிப்பட்டது. வாக்கில்லாத நாங்கள்தான் அதிகம் துள்ளினோம். நோட்டீசுக்கென்று அவள் அனுப்பிய படங்களை டிவியில் பெரிதாகப் போட்டுப் பார்த்தோம்.

"சிரிச்சால் செத்தவீட்டுக்காரர் கோவிப்பினம். சிரிக்காட்டி உயிரோட இருக்கிறவை பயப்பிடுவினம்," என்றார் கணவர். சிரிப்பதா வேண்டாமா என்ற யோசனையில் அவள் நின்ற படமொன்றை மகள் கண்டுபிடித்தாள். நோட்டீசில் அதையே போட்டார்கள்.

முடிவு வந்த காலை நான் வேலைக்கு விம்பிள்டன் டிராமில் போய்க்கொண்டிருந்தேன். போனில் ஒரே சொல்: "வெண்டிட்டன்." நான் போட்ட சத்தத்தில் டிராமே திரும்பிப் பார்த்தது. "கொரோனர்! என்ர தங்கச்சி கொரோனர்!" என்று கத்தினேன்.

எதிரே பூக்கூடையோடு இருந்த நம்மூர் அம்மா ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "ஐயோ பிள்ளை, ஆர் மோசம் போனது?"

"ஒருத்தரும் சாகேல்லை அம்மா! தங்கச்சி எலக்ஷன் வெண்டிட்டாள்!"

விளங்கியதும் அவர் என்னைவிடச் சத்தமாகச் சிரித்தார். கோயிலுக்குக் கொண்டுபோன சீப்பிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து நீட்டினார். "சாப்பிடும். பிள்ளையார் கோவிக்கமாட்டார்."

வாய் நிறையப் பழத்தோடு தங்கைக்குப் போன் எடுத்தேன். விம்பிள்டன் வரும்வரை இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.